பொட்டு வைக்க ஓர் இடம்

பவித்ராவுக்குக் கேள்வியை அடக்கத் தெரியாது. அதனால்தான் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

மன்னார்புரத்தில், பிலோமின்ராஜின் பர்னிச்சர் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் மாலை வகுப்பு நடக்கும். பகலெல்லாம் பேனாவும் கம்ப்யூட்டரும் பிடிக்கிறவர்கள் சாயங்காலம் அங்கே வந்து உளி பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள். பிலோமின்ராஜை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அன்று அவர் பழைய ஸ்லெட்டைத் தூக்கிக் காட்டினார். அறுப்பு மிஷின் மேஜைமேல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும் தட்டு அது. அதன் ஓரத்தில் ஒரு தடுப்புச் சட்டம் இருக்கும். மரத்தை அந்தச் சட்டத்தில் சாய்த்துத் தள்ளினால், நூல் பிடித்ததுபோல் செங்கோணத்தில் அறுபடும். சட்டம் கோணினால் மரமும் கோணல்தான்.

"இது செத்துப்போச்சு. புதுசு ஒண்ணு செய்யணும்" என்றார் மாஸ்டர்.

"எந்த ஷீட்ல செய்வீங்க, மாஸ்டர்?" என்று கேட்டாள் பவித்ரா.

"நான் எங்கேம்மா செய்யப்போறேன்? கேட்டவங்கதான் செய்யணும். இந்த வகுப்போட சட்டமே அதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். பவித்ராவும் சிரித்துவைத்தாள். தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையும் பார்த்தால் என்ன என்று தவிக்கிறவள். எடமலைப்பட்டி புதூருக்குத் திரும்பும் பஸ்ஸில், கம்பியோரச் சீட்டு கிடைத்துவிட்டால், அன்றைக்கு வகுப்பில் கற்றதை டைரியில் எழுதுவாள். அன்று எழுதியது ஒரே வரிதான்: 'ஏன் வாயைத் திறந்தேன்?'

வாயைத் திறந்ததைவிடப் பெரிய கவலை அடுத்த வாரம் வந்தது. வகுப்பில் ரெங்கராஜ் என்று ஒருவர் இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, வீடு ஸ்ரீரங்கம். அவருடைய அம்மா சகுந்தலா தினமும் காலையில் பிரபந்தம் சேவிக்கிறவர். மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து தடித்த புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. அம்மாவுக்கு ஒரு சிக்குப்பலகை செய்துதர வேண்டும் என்று ரெங்கராஜுக்கு ஆசை. இரண்டு பலகைகளைக் குறுக்காகக் கோத்தது அது, விரித்தால் புத்தகத்தைத் தாங்கும், மடித்தால் சுவரோரம் நிற்கும். கோக்கிற இடத்தில் இம்மி பிசகினாலும் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும். பவித்ராவின் புது ஸ்லெட்டில்தான் அதற்கு மரம் அறுப்பதென்று முடிவானது.

"எங்க வீட்ல இதை ரேஹல்னு சொல்வோம், சார். குர்ஆன் ஓதும்போது அதுலதான் வைப்போம்" என்றாள் ருக்ஸார். அவள் உறையூரில் எல்.கே.ஜி. டீச்சர். வகுப்பில் பவித்ராவுக்கு மிக நெருக்கம்.

"பேரு எதுவா இருந்தா என்னம்மா, புத்தகத்தோட கனம் ஒண்ணுதானே" என்றார் ரெங்கராஜ்.

புத்தகத்தின் அளவும் உட்காரும் உயரமும் பார்க்கப் பவித்ராவும் ருக்ஸாரும் ஸ்ரீரங்கம் போனார்கள். அம்மா மண்டபம் சாலையில் அடுக்ககத்தில் வீடு. சகுந்தலா மாமி ஒரு பலகையைக் காட்டினார். தேக்கு, தேன் நிறம், விரல் வைத்தால் வழுக்கியது. பழைய வீட்டு ஊஞ்சல் பலகையில் கரையான் தொடாத பகுதி அது.

"அவ்வளவு பெரிய ஊஞ்சல்ல பெருமாள் எனக்குன்னு மிச்சம் வெச்சது இவ்வளவுதான். சரியா ரெண்டு பலகைக்குக் காணும். கோணலா அறுத்துட்டேள்னா இன்னொண்ணுக்கு நான் எங்கே போவேன், குழந்தே?" என்று மாமி சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது ருக்ஸார் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பவித்ரா பார்த்ததெல்லாம் அந்தத் தேன் நிறப் பலகைதான்.

பாலக்கரையில் தாஜுதீனின் பிளைவுட் கடைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். ருக்ஸார் ஷீட் பார்க்கிற அழகே தனி. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பாள். உள்ளே அடுக்கு விட்டுப்போயிருந்தால் சத்தம் தொளதொளவென்று இறங்கிவிடும். பிறகு விளிம்பை மூக்கருகே கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்ப்பாள். குதிரை வாங்க வந்தவர் பல் பார்க்கிற தோரணை.

"மாமா, இது பிளைவுட்டா, அப்பளமா? வெயில்ல காயவெச்சீங்களா?"

"பார்த்துப் பேசும்மா, ருக்ஸார். பக்கத்துல கஸ்டமர் நிக்கிறாங்க" என்றார் தாஜுதீன்.

"அப்ப நான் யாரு, மாமா? கொழுந்தியாளா?"

தாஜுதீன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளேயிருந்து நல்ல ஷீட்டை எடுத்துவரச் சொன்னார். இவளுக்கு எப்படி ஒரு நொடியில் முடிவு வருகிறது என்று பவித்ரா வியந்து நின்றாள். தனக்கானால் ஒரு செருப்பு வாங்கவே இரண்டு முறை கடைக்குப் போக வேண்டும்.

அதனால் அவள் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். ஒவ்வொரு வகை ஷீட்டிலும் துண்டு கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கூடத்துத் தரையில் பரப்பினாள். மேலே இரும்பு ஸ்கேலை வைத்து இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று காலையும் மாலையும் பார்த்தாள். அரிசி மூட்டையை ஏற்றினாள். திருகாணி முடுக்கினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தாள்.

"வடாம் காயப்போட்ட மாதிரி வீடு பூரா பலகை. நடக்கறதுக்கு ஒரு வழி விடுடி" என்றாள் அம்மா.

புரட்டாசி ஈரக்காற்றில் பிளைவுட் துண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் லேசாக வளைந்தது. எது எந்தப் பக்கம் என்று அதன் முதுகிலேயே பென்சிலால் குறித்தாள். பார்ட்டிகிள் போர்டின் விளிம்பில் திருகாணி போட்டதும் ரவா லட்டுபோல உதிர்ந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். மட்டும் குளத்துத் தண்ணீர்போல அசையாத மட்டமாகக் கிடந்தது. வழவழப்பு, கணு இல்லை, கோணல் இல்லை. ஆனால் தண்ணீர் சொட்டிய இடத்தில் பாலில் போட்ட பன்போல உப்பிவிட்டது. 'தண்ணீர் ஆகாது' என்று எழுதிக்கொண்டு எம்.டி.எஃப்.ஐத் தேர்ந்தெடுத்தாள். கொட்டகைக்குள் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது?

ருக்ஸார் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மட்டம்தான். ஒத்துக்கறேன். ஆனா பவி, நீ ஷீட்டைத்தான் பார்த்திருக்கே. அதைத் தொடப்போற கையைப் பார்க்கலை. என் கிளாஸுக்கு எது வாங்கினாலும், இதை எவன் வாயில வைப்பான்னுதான் முதல்ல யோசிப்பேன்."

"இங்க யாரு வாயில வைக்கப்போறாங்க, அக்கா?"

"மாஸ்டர் டீ கிளாஸை வைப்பாரு, பாரு. என் தம்பி சர்ஃபராஸ் கரண்ட் பேனல் போர்டு செய்யறான். அவன்கிட்ட தண்ணி ஏறாத ஹைலம் ஷீட் துண்டு கிடக்கும். அந்தச் சட்டத்து முகத்துலயாவது ஒட்டிக்கோ."

பவித்ரா யோசித்தாள். ஹைலத்தை அவள் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்காத ஒன்றை எப்படி ஒட்டுவது? தட்டின்மேல் மட்டும், ஈரம் புகாமல் அடைக்கிற சீலர் அடித்தாள். தடுப்புச் சட்டத்தை எம்.டி.எஃப். பட்டைகளை அடுக்கி ஒட்டிச் செய்திருந்தாள். அறுத்த விளிம்புகள்தான் மரம் சாய்கிற அதன் முகம். அதற்கும் சீலர் அடிக்கப் பிரஷ்ஷை எடுத்தவள், பூச்சு ஓரிடத்தில் தடித்து அளவு கெட்டுவிடுமோ என்று தோன்ற, கீழே வைத்துவிட்டாள்.

ஸ்லெட் தயாரானதும் மாஸ்டர் அதை மேஜையில் ஏற்றித் தள்ளினார். பட்டுப்புடவை மடிப்பு நழுவுவதுபோல் போனது. ஒரு கட்டையை அறுத்து, மூலைமட்டத்தில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினார். மயிரிழை வெளிச்சமும் கசியவில்லை.

"என்னோட பழசு பிறந்தன்னைக்குக்கூட இவ்வளவு யோக்கியமா இருந்ததில்லை" என்றார்.

ரெங்கராஜுக்கு மனம் நிறைந்துவிட்டது. "அப்ப முதல் அறுப்பு விஜயதசமி அன்னைக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வரேன்."

விஜயதசமிக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. மாஸ்டர் கொண்டாடாத பண்டிகை கிடையாது. வாசலில் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டி, அந்தோணியார் படத்துக்குப் பக்கத்திலேயே சரஸ்வதி படத்தை மாட்டி, பூசணிக்காயோடு தயாராக நின்றார்.

"மாஸ்டர், மிஷினுக்குப் பட்டை போடறதா, நாமம் போடறதா?" என்று கேட்டார் ரெங்கராஜ்.

"நாமம் வேணாம் சார். ஏற்கெனவே ஊருக்கெல்லாம் நாமம் போடறேன்னு என் பொண்டாட்டி சொல்லிட்டிருக்கா."

ருக்ஸார் வாசல் பக்கம் உட்கார்ந்து பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே எல்லாரும் அவரவர் கருவியைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். உளிக்கு ஒன்று, இழைப்புளிக்கு ஒன்று, சுத்தியலுக்கு ஒன்று. பவித்ரா தன் ஸ்லெட்டுக்கு அப்படி அவசரமாகச் செய்ய விரும்பவில்லை. அவள் கையால் செய்த முதல் பொருள் அது. உலர்ந்த துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, தடுப்புச் சட்டத்தின் முகத்தில் ஒரு கோடியில் பெரிதாக ஒன்று, நடுவில் ஒன்று என்று அழகாக வைத்து, மேலே குங்குமம் இட்டாள். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு அந்தப் பலகை நல்லபடியாக அறுபட வேண்டும்.

தண்ணீர் என்றால் அவளுக்கு மழை, குழாய், டீ கிளாஸ். சந்தனம் தண்ணீராக அவள் கணக்கில் வரவேயில்லை.

மறுநாள் காலை நல்ல நேரம் முடிவதற்குள் சகுந்தலா மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பலகையை மகனிடம் கொடுத்தார். ரெங்கராஜ் அதை இரண்டு கைகளாலும் வாங்கிப் பவித்ராவிடம் நீட்டினார்.

பவித்ரா காய்ந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தாள். கட்டைவிரல் சட்டத்தின்மேல் ஓடியது. ஓரிடத்தில் நின்றது. கொசு கடித்த இடம்போல ஏதோ ஒரு மேடு. நிஜமான மேடா? இல்லை, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற அவளுடைய வழக்கமான வியாதியா?

"பவித்ரா, நேரம் போகுதும்மா" என்றார் ரெங்கராஜ்.

"மாஸ்டர், ஒரு வேஸ்ட் கட்டையை அறுத்துப் பார்த்துடட்டுமா?"

"முந்தாநேத்துதானே பார்த்தோம்? வெளிச்சமே வரலையே."

"ஒரே ஒரு தடவை, மாஸ்டர்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், கட்டையை எடுத்துக் கொடுத்தார். பவித்ரா அதைச் சட்டத்தில் சாய்த்தாள். மிஷின் உறுமியது. கட்டை இரண்டாயிற்று. மூலைமட்டத்தில் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கினாள். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே, மாம்பழக் கீற்றுப்போல ஒரு வெளிச்சம் நின்றது.

அந்தக் கோணல் தேன் நிறப் பலகையில் விழுந்திருந்தால்?

ருக்ஸார் குனிந்து சட்டத்தைத் தடவினாள். பொட்டு இருந்த இடங்கள் உப்பியிருந்தன. பெரிய பொட்டு இருந்த கோடியில் இன்னும் அதிகம். மரத்தின் ஒரு முனை அந்த மேட்டில் ஏறிக்கொண்டதால் அறுப்பு கோணியிருந்தது.

"சந்தனம்" என்றாள் மெல்ல.

"சந்தனமா? சந்தனத்தாலயா?" ரெங்கராஜால் நம்ப முடியவில்லை.

"நான்தான் வச்சேன்." பவித்ரா அறுத்த கட்டையைக் கீழே வைத்தாள். "தண்ணி ஆகாதுன்னு தெரிஞ்சும் நான்தான் வச்சேன். நல்ல நேரமும் போச்சு. மன்னிச்சுடுங்க, மாமி."

மாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன போச்சு? மிஷின் ஓடித்தோல்லியோ?"

"ஓடிச்சு."

"மரம் அறுபட்டுதோல்லியோ?"

"அது வேஸ்ட் கட்டை, மாமி."

"கட்டைன்னா கட்டைதான். நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சு. என் பலகை எங்கேயும் ஓடிடாது, இங்கேயே இருக்கட்டும்." எழுந்தவர் ஒரு கணம் நின்றார். "ஆனா ஒண்ணு. பொட்டு வெச்சது தப்புன்னு யாரும் அவளைச் சொல்லப்படாது."

மாமியின் ஆட்டோ போனபிறகு பவித்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, புதுச் சட்டம் போட்டு, 'இதற்குப் பொட்டு வைக்காதீர்கள்'னு எழுதி ஒட்டிடறேன்."

"எழுதி ஒட்டுவியா?" ருக்ஸார் சிரித்தாள். "நம்ம ஊர்ல 'இங்கே துப்பாதீர்'னு எழுதின சுவரை நீ பார்த்ததே இல்லையா? என் கிளாஸ்ல சுவர்ல கிறுக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம் ஒரு சுவர்ல பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, இது உங்களுக்குன்னு சொல்லிட்டேன். மத்த சுவரெல்லாம் இன்னைக்கும் வெள்ளையா இருக்கு. வைக்கிற கை வைக்கத்தான் செய்யும், பவி. நாமதான் இடம் கொடுக்கணும்."

பவித்ரா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ருக்ஸார் ஷீட்டைத் தட்டிப் பார்ப்பதைத்தான் இத்தனை நாளும் வியந்திருக்கிறாள். தட்டுவதற்கு முன்பே இவள் எதையோ பார்த்துவிடுகிறாள். இந்தக் கொட்டகைக்கு யார் வருவார்கள், எதைத் தொடுவார்கள், எந்தப் பண்டிகைக்கு என்ன செய்வார்கள் என்றெல்லாம் பார்த்த பிறகுதான் பலகைக்கு வருகிறாள்.

அரியமங்கலத்தில் சர்ஃபராஸின் பட்டறையில் ஹைலம் துண்டுகள் ஒரு டிரம்மில் கிடந்தன. பழுப்பு நிறம், மெல்லிய பளபளப்பு, தட்டினால் தட்டுபோலக் கணீரென்றது.

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க, அக்கா. ஆனா இவங்க ஏன் அதைப் பூனைக்குட்டி மாதிரி தடவறாங்க?" என்றான் சர்ஃபராஸ்.

"அவ அப்படித்தான். தடவித்தான் ஒரு பெரியம்மாவோட பலகையைக் காப்பாத்தினா" என்றாள் ருக்ஸார்.

அந்தக் காரியத்துக்கு அப்படி ஒரு பெயர் இருக்கும் என்று பவித்ரா நினைத்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அது பொட்டு வைத்தவள் செய்த பரிகாரம்.

இந்தத் தடவை கூடத்துத் தரையில் பரப்பிய துண்டுகளுக்குத் தண்ணீர் விடவில்லை. சந்தனம் குழைத்து, ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்தாள். குங்குமமும் இட்டாள். சோதனை என்றால் முழுச் சோதனை.

அம்மா காபித் தம்ளரோடு நின்று பார்த்தாள். "பலகைக்கெல்லாம் வளைகாப்பா?"

மறுநாள் துடைத்துத் தடவினாள். ஹைலத்தில் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. சட்டத்தின் உடம்புக்கு என்ன போடுவது என்பதில்தான் குழப்பம் வந்தது. பிளைவுட் உறுதி, ஆனால் வளைகிறது. அப்போதுதான் துண்டுகளின் முதுகில் அவளே போட்டிருந்த பென்சில் குறிகள் கண்ணில் பட்டன. வலப்பக்கம் வளைகிற ஒன்றையும் இடப்பக்கம் வளைகிற ஒன்றையும் முதுகோடு முதுகு ஒட்டினால்? ஒன்று இழுப்பதை மற்றது விடாது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே நேராக நிற்கும்.

மாஸ்டரிடம் சொன்னபோது அவர் நெற்றியைச் சொறிந்தார். "நல்ல புருஷன் பொண்டாட்டி மாதிரி. சரிம்மா, ஒட்டு."

பழைய தட்டுக்கு ஒரு குறையும் இல்லை. சீலர் அதைக் காப்பாற்றியிருந்தது. சட்டத்தை மட்டும் கழற்றி, பிளைவுட் ஜோடியைப் பொருத்தி, முகத்தில் ஹைலம் ஒட்டி, மூலைமட்டம் வைத்து வைத்துத் திருகினாள். காய்ந்த பிறகு வேஸ்ட் கட்டைகளை அறுத்தாள். மாஸ்டர் போதும் என்ற பிறகும் ஒன்று அறுத்தாள். அதன் பிறகுதான் தேன் நிறப் பலகையைத் தொட்டாள்.

மிஷின் நின்றதும் இரண்டு பாதிகளையும் ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி, ரெங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் விரல் ஓட்டினார். ஒரு பலகை முடிந்து மறு பலகை தொடங்கும் இடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை. திரும்பவும் ஓட்டினார்.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்..." என்று தொடங்கியவர், மீதியைச் சொல்லாமல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

பலகையின் கோடியிலிருந்து வெட்டிவிழுந்த ஒரு சிறு துண்டு மேஜைமேல் கிடந்தது. தீப்பெட்டி அளவு இருக்கும். ருக்ஸார் அதை எடுத்து, ஸ்லெட்டின் எதிர்க்கோடியில், மரமும் ரம்பமும் எட்டாத இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பவி, பசை எடு. இதுதான் இதுக்கு நெத்தி. யார் எந்த நாள் வேணாலும் இங்க பொட்டு வெச்சுக்கட்டும்."

"தேக்கு, சந்தனம் பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள் பவித்ரா.

"ஆனாத்தான் என்ன? அங்க எதுவும் சாயப்போறதில்ல" என்றாள் ருக்ஸார்.

பசை காய்ந்ததும் ரெங்கராஜ் பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து அந்தத் துண்டின்மேல் முதல் பொட்டை வைத்தார். மாஸ்டர் தன் பங்குக்கு அதன் பக்கத்திலேயே ஒரு சிலுவை வரைந்தார். "பார்த்துக்கோ ருக்ஸார், இதோட நெத்தி இப்பவே நிறைஞ்சுபோச்சு" என்றார்.

பவித்ரா மூலைமட்டத்தை எடுத்து, சட்டத்தில் வைத்து, குனிந்து பார்த்தாள். வெளிச்சம் இல்லை. நிமிர்ந்தாள். ஒரு கணம் தயங்கிவிட்டு, மறுபடியும் குனிந்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

இந்தத் தடவை நேரமாகிறது என்று யாரும் சொல்லவில்லை. அவள் நிமிரும்வரை காத்திருந்தார்கள்.